அமலோற்பவி அந்தரத்தில் தொங்குகிற விவரம்

சேசு, மரி, சூசை மூவரும் துணை. கைத்தொழில் தெரிந்தவர் என்பதால் இந்த ஒரு வாரத்துக்குச் சூசையப்பர் கொஞ்சம் கூடுதலாகத் துணை.

பாம்பன்,
ஜூன் 10, செவ்வாய்க்கிழமை.

அன்பும் அடக்கமும் நிறைந்த மாப்பிள்ளை ரூபஸ் அவர்களுக்கு மாமா பிரடெரிக் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை லீமாரோசும் உங்கள் மனைவி அனிட்டாவும் ஆண்டவர் கிருபையால் தரையில் நலமாக இருக்கிறோம். உங்கள் தகப்பனார் சவேரியார் அவர்களும் நலம். அவருடைய விசைப்படகு அமலோற்பவி மட்டும் தரையிலும் இல்லாமல், தண்ணீரிலும் இல்லாமல், நம்முடைய கிரேனில் ஆளுயரத்துக்கு நலமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே கத்தாரில் நீங்களும், நீங்கள் பழுது பார்க்கிற கிரேன்களும், சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனில் விவரம் சொல்ல ஆரம்பித்தபோது, "மாமா, எனக்கு இடைவேளையே இருபது நிமிஷந்தான். அதுல பதினெட்டு நிமிஷம் சாமியார் பிரசங்கத்தப் பத்திச் சொல்லிட்டீங்க. எல்லாத்தையும் தாள்ல வரிசையா எழுதுங்க, அனிட்டா போட்டோ எடுத்து அனுப்பட்டும்" என்று சொன்னீர்கள். பெரியவர் பேச்சை நடுவில் நிறுத்துவது உங்கள் கம்பெனியில் வழக்கமாக இருக்கலாம், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கூடவே பத்துக் கேள்வி அனுப்பி, "பழைய வண்டியில கரண்டுக் கோளாறக் கண்டுபிடிக்கணும்னா சம்பந்தமில்லாத மாதிரித் தெரியறதுதான் முக்கியம், எதையும் விட்டுறாதீங்க" என்றும் எழுதியிருந்தீர்கள். ஆகையால் எதையும் விடப்போவதில்லை. ஏழாவது கேள்வியில் மட்டும் எனக்கு மனவருத்தம் உண்டு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

வண்டியின் வயது கேட்டிருக்கிறீர்கள். நம்ம கிரேன் 'சம்மனசு', அனிட்டாவைவிட ஒரு வயது மூப்பு. தூத்துக்குடியில் ஏலத்தில் எடுத்து, சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்து, நெற்றியில் தேவதூதர் என்று அர்த்தம் வருகிற அந்தப் பேரை எழுதி, பதினோரு வருடமாகத் மீன்பிடித் தடைக்காலம் தவறாமல் ஊர்ப் படகு எல்லாவற்றையும் மராமத்துக்குக் கரையேற்றி, மராமத்து முடிந்ததும் திரும்ப இறக்கிவிடுகிற வண்டி அது. ஆரன் அடிக்கிறது. லைட் எரிகிறது. வைப்பர் ஓடுகிறது, மழைதான் இல்லை. கேபினுக்குள்ளே இருக்கிற அந்தச் சின்ன சேஃப்டி பெட்டிதான் எதிரி. அதோடு வந்த புத்தகம் ஜப்பான் பாஷையில் இருக்கிறது. படத்தில் ஒரு ஆள் ஹெல்மெட் போட்டுச் சிரித்துக்கொண்டே அந்தப் பெட்டியைக் காட்டுகிறார், எதற்குச் சிரிக்கிறார் என்று பதினோரு வருடமாக எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் தடவை நின்றது மே மாசம் மூணாவது ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு வந்து, ஒரு படகைத் தூக்கலாம்னு டிரைவர் கூத்தையா லிவரைத் தொட்டதும் பெட்டியில் செகப்பு விளக்கு எரிஞ்சு 'கீ'ன்னு கத்த ஆரம்பிச்சிட்டுது. தூக்கவும் மாட்டேங்குது, எறக்கவும் மாட்டேங்குது. கூத்தையா செருப்பைக் கழட்டிப் பெட்டியில ரெண்டு தட்டுத் தட்டினான், கேக்கல. பேட்டரிய மாத்தினோம், கேக்கல. மறுநாள் ராமநாதபுரத்துலருந்து பாக்கர் வந்தாப்ல. அவரு மடியில வச்சுத் தட்டுற கம்ப்யூட்டரோட வர்ற மெக்கானிக்கு. அதை வண்டியில சொருகி அரை மணி நேரம் பாத்துட்டு, "அண்ணே, இந்த நீட்டுக் கை, பூமுல ஒரு சென்சார் இருக்கு. எவ்வளவு கனம் தூக்குறோம்னு அதுதான் இந்தப் பெட்டிக்குச் சொல்லணும். கனம் மிஞ்சினா பெட்டி வண்டியப் பூட்டிரும். சென்சார் ஒண்ணுமே பேசலைன்னா, அப்பவும் கனம் மிஞ்சிருச்சுன்னு நெனச்சுப் பூட்டிரும். இப்ப அது பேசல"ன்னாரு. ஊமையா இருந்தா தப்புச் செஞ்சவன்னு நெனைக்கிற பெட்டிய எந்தப் புண்ணியவான் செஞ்சான்னு தெரியல. அப்புறம் எல்லா ப்ளக்கையும் கழட்டி, ஒரு டப்பாவுலருந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு எதையோ அடிச்சு, பிரஷ்ஷால தேய்ச்சு மாட்டினாரு. பச்சை விளக்கு எரிஞ்சிட்டுது. அந்த வாரம் மட்டும் ஒம்போது படகு. ஒரு முனகல் இல்ல.

வண்டிய நான் எப்படிப் பராமரிக்கிறேன்னு கேட்டிருக்கீங்க. இது நல்ல கேள்வி. கடக்கரையில எந்த வண்டியும் இவ்வளவு காலம் நிக்காது மாப்பிள்ளை, உப்புக்காத்து இரும்பத் தின்னுரும். நம்ம வண்டி நிக்குதுன்னா அதுக்குக் காரணம் சனிக்கிழமை. மறுநாள் கடலுக்குப் போறதில்லைங்கிறதால சனிக்கிழமை சாயங்காலம் படகுக்காரங்க எல்லாம் பலகைக்கு மீனெண்ணெய் பூசுவாங்கல்ல, அதே எண்ணெயத்தான் நான் சம்மனசுக்கும் பூசுறேன். முன்னெல்லாம் சங்கிலிக்கும் போல்ட்டுக்கும் மட்டுந்தான். இந்த வருஷம் வெயில்காலத்துல உங்க போன் வந்துச்சே, "மாமா, பழைய வண்டியில ப்ளக்குக்குள்ள உப்பு ஏறாமப் பாத்துக்குங்க"ன்னு, அதுலருந்து ப்ளக்கையும் விடுறதில்ல. ஒவ்வொண்ணாக் கழட்டி, கோழி இறகால உள்ள இருக்கிற ஊசி ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கோட்டு. படகுப் பலகைக்குச் செய்யிற மாதிரியே முதல் கோட்டு காஞ்சு தோல் கட்டினதுக்கு அப்புறந்தான் ரெண்டாவது. அதுவும் காஞ்சு கெட்டியான பிறகுதான் மாட்டுவேன். உப்பு இல்ல, ஊசிமுனை தண்ணிகூட உள்ள போகாது. உங்க கம்பெனியில இவ்வளவு அக்கறையா ஒருத்தன் செய்வானா? அதே பக்குவத்த நம்ம கோவில் மைக் செட்டுக்கும் செஞ்சு குடுத்தேன், அதுவும் கடல்காத்துலதான நிக்குது.

கூத்தையாவுக்குத்தான் இது புடிக்கல. "அய்யா, கேபினுக்குள்ள உக்கார முடியல, குடலப் புடுங்குது. பூனை ஒண்ணு வந்து லிவர நக்குது, எறங்க மாட்டேங்குது"ன்னு தெனமும் பொலம்பல். அவன் கமுதிப் பக்கத்து ஆளு, மொளகா வத்தல் நெடியில பொறந்து வளந்தவன். "ஏலே, அது வாசம்லே. பழகிக்கோ"ன்னு சொல்லிட்டேன். பூனைய நீங்க எழுதச் சொன்ன சம்பந்தமில்லாத விஷயத்துல சேத்துக்குங்க.

ரெண்டாவது தடவை அதுக்கு அடுத்த ஞாயிறு. முந்தின நாள்தான், பாக்கர் எதையோ அடிச்சு என் எண்ணெயெல்லாம் போக்கிட்டாரேன்னு, திரும்பப் புதுசா ரெண்டு கோட்டு பூசி வச்சிருந்தேன். விடிஞ்சு வந்து லிவரத் தொட்டா, கீ! ஊரே கூடிருச்சு. 'ரெண்டு ஞாயிறும் நின்னுபோச்சு, ஓய்வுநாள்ல வேலை செஞ்சா இப்படித்தான்'னு ஆளுக்கு ஆள் பேச ஆரம்பிச்சாங்க. சாமியாரு அன்னைக்குப் பிரசங்கத்துல "இரும்புக்குத் தெரிஞ்சது மனுஷனுக்குத் தெரியலையே"ன்னு நம்மளத்தான் ஆரம்பிச்சாரு, சரியா பத்தாவது நிமிஷம் மைக்கு நின்னுபோச்சு. அவரு தொண்டையால பேசிப் பாத்துட்டு விட்டுட்டாரு. பூசை சீக்கிரமா முடிஞ்சது. அந்த ஞாயித்துலருந்து பூசைக்கு வர்ற கூட்டம் கூடிக்கிட்டே போகுது. ஊர்லயே பொதுவா கரண்டு சரியில்லைங்கிறதுக்கு இதையும் ஒரு அத்தாட்சியா நீங்க வச்சுக்கலாம்.

மறுபடியும் பாக்கர். இந்தத் தடவை மதுரையிலருந்து சென்சாரே புதுசா வாங்கி மாட்டி, ப்ளக்கையும் திரும்பத் தொடச்சு, "அண்ணே, இதோட விடுங்க, யாரும் இதத் தொடவேணாம்"ன்னு சொல்லிட்டுப் போனாரு. யாரும்னா கூத்தையாவச் சொல்றாருன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். அந்த வாரம் சம்மனசு பறந்துச்சு. சனிக்கிழமை, புதுச் சென்சார்ங்கிறதால மூணு கோட்டு. ஞாயித்துக்கிழமை ஊர் வாய்க்குப் பயந்து வண்டியத் தொடல. திங்கக்கிழமை, ஜூன் ரெண்டு, நல்ல நேரம் பாத்து நம்ம சம்பந்தியோட அமலோற்பவியத் தண்ணிக்கு எறக்கலாம்னு பெல்ட்டக் கட்டினோம். பச்சை விளக்கு எரிஞ்சது. ஆளுயரம் தூக்கிட்டோம். பூம் கொஞ்சம் திரும்பி ஒரு குலுக்குக் குலுங்குச்சு பாருங்க, செகப்பு, கீ, எல்லாம் பூட்டிக்கிருச்சு. அன்னைலருந்து படகு அங்கனயே நிக்குது. ஞாயித்துக்கிழமைக் கதையும் அதோட செத்துப்போச்சு, ஏன்னா அது திங்கக்கிழமை.

அடுத்து எழுதப்போறதுதான் மாப்பிள்ளை, எனக்கு எழுத வரல. ஆனா எதையும் விடாதீங்கன்னு சொல்லிட்டீங்க. சென்சார் புதுசு. பெட்டி கனம் மிஞ்சிருச்சுன்னு சொல்லுது. அப்ப என்ன அர்த்தம்? ஊரு நிக்குது, எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க. எனக்கு வாய் அடங்கல. "சம்பந்தி, உங்க படகு கனம். என்னத்தையோ உள்ள வச்சுக்கிட்டு எங்கிட்டச் சொல்லாமத் தூக்கக் குடுத்திருக்கீங்க"ன்னு சத்தமாச் சொல்லிட்டேன். உங்க அய்யா நேரா படகுகிட்டப் போனாரு. ஏணியப் போட்டு ஏறினாரு. நங்கூரத்த எறக்கினாரு, கயித்த எறக்கினாரு, ஐஸ் பெட்டி, அடுப்பு, பானை, மாதா படம், கடைசியில மூணு வருஷத்துக்கு முந்தின காலண்டர் ஒண்ணு, எல்லாத்தையும் எறக்கி வரிசையா மணல்ல வச்சாரு. அப்பவும் கனம் மிஞ்சிருச்சுன்னேதான் பெட்டி கத்துச்சு. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போயி ஒரு பிளாஸ்டிக் சேரக் கொண்டாந்து, படகுக்கு நேரா போட்டு உக்காந்தாரு. இன்னையோட எட்டு நாளாச்சு. காலையில வர்றாரு, பொழுது சாய்ஞ்சதும் சேரத் தூக்கிட்டுப் போறாரு. எங்கிட்ட ஒரு சொல்லு இல்ல. கத்திச் சண்டை போட்டாருன்னா நானும் கத்திட்டுத் தூங்கிருவேன். இது என்னால தாங்க முடியல. அத்தை தெனமும் அவருக்கு டீ குடுத்து அனுப்புறா, அதக் குடிக்கிறாரு. டம்ளர எங்கிட்டத் திருப்பித் தர்றதில்ல, கூத்தையாகிட்டத்தான் தர்றாரு. அனிட்டா என்னைப் பாத்து, "அய்யா, மாமாகிட்ட மன்னிப்புக் கேளுங்க"ங்கிறா. கேக்கலாம். ஆனா வண்டி என்ன சொல்லுதுன்னு தெரியாம என்னன்னு கேக்குறது? ஒருவேளை நெசமாவே படகு கனமா இருந்துச்சுன்னா?

பாக்கருக்குப் போன் போட்டேன். அவரு பெருநாளுக்குக் கீழக்கரைக்குப் போயிட்டாரு, "இன்ஷா அல்லாஹ், விருந்தெல்லாம் முடிச்சுட்டுப் பதினஞ்சுக்கு மேல வாரேன்"ங்கிறாரு. பதினாலாம் தேதி சனிக்கிழமையோட தடைக்காலம் முடியுது. ஞாயிறு பூசை முடிஞ்சதும் தண்ணியில நிக்கிற படகுக்கெல்லாம் சாமியாரு தீர்த்தம் தெளிப்பாரு. திங்கள் விடியல்ல எல்லாரும் போறாங்க. ரெண்டு மாசம் சும்மா கெடந்த கடல்ல முதல் நாள் விழுற இறாலு மறுநாள் விழாதுன்னு உங்களுக்கே தெரியும். நாப்பது வருஷத்துல சவேரியார் படகு இல்லாம அந்த முதல் நாள் போனதில்ல. இந்த வருஷம் அவரு கரையில சேரப் போட்டு உக்காந்து மத்தவங்க போறதப் பாத்தாருன்னா, அப்புறம் அனிட்டா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பா?

கூத்தையா ஒரு வழி சொன்னான். "அய்யா, அந்தப் பெட்டியக் கழட்டிட்டு ஒயரு ரெண்டையும் சேத்து டைரக்ட் குடுத்துருவோம். அஞ்சு நிமிஷ வேலை"ன்னான். ஆயில் போற ஹோஸ் பைப்பப் பாதி லூஸ் பண்ணி எறக்கலாம்னும் சொன்னான். வாயில எச்சி ஊறிருச்சு எனக்கு. ஆனா போன வருஷம் லீவுல வந்தப்ப நீங்க சொன்னீங்க, அங்க ஒருத்தன் அப்படி டைரக்ட் குடுத்து, வண்டி சாய்ஞ்சு, ரெண்டு பேரு எந்திரிக்கவே இல்லன்னு. இந்த ஒரு விஷயத்துல மட்டும் உங்க பேச்சைக் கேட்டுட்டேன். படகுக்கு அடியில பனங்கட்டையும் பேரலும் முட்டுக் குடுத்து வச்சிருக்கு, பயப்படவேணாம். கீழ உக்காந்திருக்கிறது உங்க அய்யா.

இப்ப ஏழாவது கேள்வி. "ப்ளக், சாக்கெட் எதையாவது யாராவது தொட்டாங்களா?" என்ன கேள்வி இது மாப்பிள்ளை? என் வண்டியில கண்டவன் கை வைக்க விடுறவனா நான்? யாரும் தொடல. தொட விடுறதும் இல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே என் கையாலக் கழட்டி, நானே பூசி, நானே மாட்டுறேன். போன சனிக்கிழமைகூட, படகு தொங்குதுங்கிறதுக்காகப் பராமரிப்ப விட்டுற முடியுமான்னு ஒரு கோட்டு குடுத்தேன். மீட்டரப் புடிச்சு ஊசி ஆடுதா ஆடலையான்னு பாக்குற வேலை எனக்கு வராது. ஒங்க நிச்சயதார்த்தத்துல, "கடலுக்குப் போகாத கடக்கரைக்காரன் எதுக்கு ஆவான்"னு நான் கேட்டது உண்மைதான், அத இப்பவும் மறுக்கல. ஆனா பராமரிப்புன்னு வந்தா எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. கோளாறு அந்த ஜப்பான்காரன்கிட்ட இருக்கு. இல்லாட்டி பாக்கர் வாங்கின சென்சார்ல இருக்கு. இல்லாட்டி, சொல்ல மனசில்ல, அமலோற்பவியில இருக்கு.

ஆகவே மேலே கண்ட விவரங்களை நிதானமாகப் படித்து, கோளாறு எங்கே என்று சனிக்கிழமைக்குள் சொல்லவும். லீவு போட்டு வரவேண்டாம், அவ்வளவுக்கு ஒன்றுமில்லை. வந்தாலும் அத்தை சந்தோஷப்படுவாள். வேளாவேளைக்குச் சாப்பிடவும். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்கவேண்டாம். தேவதாயின் முந்தானை உங்களை மூடிக் காப்பதாக. உங்கள் கையிலிருக்கிற மீட்டருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமா,
பிரடெரிக்.

பின்குறிப்பு. ஜூன் 11, புதன் சாயங்காலம்.

மேலே எழுதின எதையும் நம்பவேணாம்.

நேத்து இதை வண்டிக்குப் பக்கத்துல மேசையில வச்சு எழுதி முடிச்சேன். காத்துல பறக்காம இருக்க மீனெண்ணெய் டப்பாவத் தாள்மேல வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். இன்னைக்கு மத்தியானம் அனிட்டாவப் போட்டோ எடுக்கக் கூட்டிட்டு வந்து பாக்குறேன், உங்க அய்யா சேர மேசைப் பக்கம் நகத்திப் போட்டு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு, எல்லாத் தாளையும் படிச்சுக்கிட்டிருக்காரு. அவரப் பத்தி எழுதினது அத்தனையும் அதுல இருக்கு. படிச்சாரு. டப்பாவ எடுத்து மோந்து பாத்தாரு. சனிக்கிழமைப் பராமரிப்பப் பத்தி எழுதின பக்கத்தத் திரும்ப ஒருதடவை படிச்சாரு. எந்திரிச்சுப் போயி கூத்தையாகிட்ட பெட்ரோலும் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷும் வாங்கி, பூமுக்கு அடியில இருக்கிற ப்ளக்கக் கழட்டி, ஊசி ஊசியாத் தேய்ச்சாரு. பிசினு மாதிரி தோல் தோலா உரிஞ்சு வந்துச்சு மாப்பிள்ளை, கரண்ட மறிச்சுக்கிட்டு இருந்தது அதுதான். மாட்டினாரு. கூத்தையா சாவியத் திருப்பினான்.

பச்சை.

நாலு மணிக்கு அமலோற்பவி தண்ணியில நின்னுச்சு. கனமெல்லாம் ஒண்ணுமில்ல, பூ மாதிரி எறங்குச்சு. கூத்தையா கேபினக் கழுவிக்கிட்டிருக்கான், பூனை வெளிய உக்காந்து அவனையே மொறைக்குது. உங்க அய்யா என் பக்கம் வந்து, ஒம்போது நாளைக்கு அப்புறம் வாயத் தெறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு. "சம்பந்தி, படகுக்குப் பூசுற எண்ணெயப் படகுக்கு மட்டும் பூசுங்க." நான் ஊர் முன்னாடி சொன்னத ஊர் முன்னாடியே மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துருச்சு. அவரு என் தோள்ல கைய வச்சு, டம்ளர எங்கிட்டத் திருப்பிக் குடுத்தாரு.

கோவில் மைக்க இன்னும் தொடைக்கல. சாமியாரத் தவிர யாரும் கேக்கல. தீர்த்தம் தெளிக்கிற ஞாயிறு முடியட்டும், அதுக்கப்புறம் மெதுவாத் தொடைச்சுக்கலாம்னு ஊர்ப் பெரியவங்க அபிப்பிராயப்படுறாங்க.

இந்தத் தாளையெல்லாம் கிழிச்சுக் கடல்ல போட்டுறலாம்னுதான் எடுத்தேன். உங்க அய்யா புடுங்கிக்கிட்டாரு. "அனுப்புங்க சம்பந்தி. பய போன்ல சிரிச்சு எத்தன மாசமாச்சு. இதப் படிச்சா சிரிப்பான்"னாரு. அதனால அனிட்டா எடுத்து அனுப்புறா. பக்கத்துல உக்காந்து கோளாறக் கண்டுபுடிக்கிறவன் ஒருத்தன்னா, கேள்வி கேட்டே அங்கனருந்து கண்டுபுடிக்கிறவன் அவனுக்கு மேல. நிச்சயதார்த்தத்துல நான் கேட்டத வாபஸ் வாங்கிக்கிறேன். ஏழாவது கேள்விக்கு எழுதின பதிலையும் அடிச்சுட்டுப் படிங்க. தொட்டது நான்.

சிரிச்சு முடிச்சதும் போன் பண்ணுங்க. ஸ்பீக்கர்ல போடணும்னு சம்பந்தி இங்கனயே, என் பக்கத்துல, சேரப் போட்டு உக்காந்திருக்காரு.